சாதிக் கட்டம் இல்லாத படிவம்: வீட்டுப் பரிசோதனை முடிவு யார் கைக்குப் போகிறது?

2021 சூன் மாதம் வட மாவட்டக் கிராமம் ஒன்றின் சேரியில் ஏழு பேருக்குக் கொரோனா தொற்று உறுதியாயிற்று. அந்த ஏழு பேரின் பெயர், வயது, கதவு எண், தெரு ஆகியவை அடங்கிய பட்டியல் ஓர் அலுவலகக் கணினித் திரையில் திறந்திருந்தபோது, யாரோ ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார். அன்று மாலைக்குள் அந்தப் படம் ஊர் இளைஞர்களின் வாட்ஸ்ஆப் குழுவுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை, சேரியிலிருந்து சென்ற பாலைச் சொசைட்டியில் அளக்க மறுத்தனர். ஏழு வீட்டுப் பாலை மட்டுமல்ல, சேரியில் மாடு வைத்திருந்த எந்த வீட்டுப் பாலையும் வாங்கவில்லை. அதே வாரத்தில் ஊர்த் தெருவிலும் நான்கு பேருக்குத் தொற்று இருந்தது. அவர்கள் வீட்டுப் பால் வழக்கம்போல் அளக்கப்பட்டது.

அந்த வழக்கு என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டு வாங்கியது அந்தப் படத்தைத்தான். பட்டியலில் சாதி என்னும் கட்டம் இல்லை. தேவையும் இருக்கவில்லை. தெருப் பெயரே சாதியைச் சொல்லிவிட்டது.

அந்த ஏழு பேரும் முகாமில் சளி மாதிரி கொடுத்தவர்கள். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, பரிசோதனையை வீட்டிலேயே செய்துகொண்டு முடிவைக் கைப்பேசி வழியே அரசுக்கு அனுப்பும் முறை இந்தியாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கொரோனா தணிந்ததும் அதைப் பற்றிய பேச்சும் ஓய்ந்துவிட்டது. அந்த முறை ஓயவில்லை. அடுத்த தொற்றின்போது முதலில் கையில் எடுக்கப்படப்போவதும் அதுவாகவே இருக்கும். ஆகவே அது இயங்கும் விதத்தையும், அதில் எந்த இடத்தில் எவர் கையில் நம் மக்களின் உடல்நிலை அகப்படுகிறது என்பதையும் தோழர்களும் மாணவர்களும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கிட்டிலிருந்து சர்வர் வரை

2021 மே 19 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., வீட்டுப் பரிசோதனைக்கான அறிவுரை ஒன்றை வெளியிட்டது. முதலில் இசைவு பெற்ற கிட், புனேயைச் சேர்ந்த மைலேப் நிறுவனத்தின் கோவிசெல்ஃப். அறிகுறி உள்ளவர்களும், தொற்று உறுதியானவர்களுடன் நெருங்கிப் பழகியவர்களும் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்துவோர் அனைவரும் கைப்பேசியில் செயலியை இறக்கிப் பதிவுசெய்ய வேண்டும். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்து, சோதனைப் பட்டையில் கோடு தெரிந்தபின், பதிவுசெய்த அதே கைப்பேசியால் பட்டையைப் படமெடுக்க வேண்டும். அந்த விவரம் ஐ.சி.எம்.ஆர். தளத்துடன் இணைக்கப்பட்ட சர்வரில் சேரும். தொற்று உண்டு என்று வந்தால் மறுபரிசோதனை வேண்டியதில்லை. அதுவே உறுதியான முடிவாகக் கொள்ளப்படும்.

நோயாளியின் இரகசியம் முழுமையாகக் காக்கப்படும் என்று அறிவுரையில் ஒரு வரி உண்டு. யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பன அந்த ஒரு வரிக்குள் அடங்கவில்லை.

இதில் சட்ட நோக்கில் நிகழ்ந்த மாற்றம் சிறிதன்று. 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோயைக் கண்டறியும் மருத்துவர் அதைச் சுகாதார அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. காசநோயை அரசுக்கு அறிவிப்பது 2012 மே மாதம் முதல் கட்டாயம். 2018இல் அந்தக் கடமை மருந்துக் கடைகளுக்கும் விரிந்தது. இவற்றிலெல்லாம் நோயாளிக்கும் அரசுக்கும் இடையில் தொழில்முறைக் கடமையும் பொறுப்பும் உள்ள ஒருவர் நிற்கிறார். அவரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கலாம், மருத்துவ மன்றத்தில் முறையிடலாம். வீட்டுப் பரிசோதனையிலோ தன்னைத் தானே அரசுக்கு அறிவித்துக்கொள்பவர் நோயாளி. இடையில் நிற்பது ஒரு நிறுவனத்தின் செயலி. ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தானை அழுத்தியபின் கேள்வி கேட்க எதிரில் எவரும் இல்லை.

அரசுக்கு இந்தத் தகவல் ஏன் வேண்டும் என்று கேட்கும் தோழர்கள் சிலர் உண்டு. வேண்டும்தான். எந்தத் தெருவில் தொற்று ஏறுகிறது என்று தெரியாமல் முகாம் போட முடியாது. படுக்கைகளையும் ஆக்சிஜனையும் பங்கிட முடியாது. ஒமைக்ரான் பரவிய 2022 சனவரியில், கிட்டை வாங்கியவர்கள் முடிவைத் தெரிவிக்காமலே இருந்துவிடுகிறார்கள் என்னும் கவலையால், விற்பனைக் கணக்கைத் தினமும் அனுப்புமாறு மும்பை மாநகராட்சி மருந்துக் கடைகளுக்கு ஆணையிட்டது. தொற்று இல்லை என்று கண்டவர் செயலியைத் திறப்பதே அரிது. அதனால் சோதித்தவர் எத்தனை பேர், அவர்களுள் தொற்றுடையோர் எத்தனை பேர் என்னும் விகிதமே பொய்த்துப்போகிறது. தகவலே கூடாது என்பது என் வாதமன்று. தகவல் எந்த வழியில், எந்த அளவில், எவர் பொறுப்பில் செல்கிறது என்பதுதான் வழக்கு.

எண்ணப்படாதவர்கள்

கோவிசெல்ஃப் கிட்டின் விலை 250 ரூபாய். அதே 2021-22ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 273 ரூபாய். முழுக் கூலியும் கைக்கு வந்த நாட்கள் எத்தனை என்பது அந்த வேலைக்குச் சென்றவர்களுக்குத் தெரியும். விலையைத் தாண்டினாலும் அடுத்து நிற்பது கைப்பேசி. 2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ளவர்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர். இது சாதாரணக் கைப்பேசியையும் சேர்த்த கணக்கு. செயலி இயங்கும் கைப்பேசி என்றால் எண்ணிக்கை இன்னும் சுருங்கும்.

தடுப்பூசிக்கான கோவின் தளத்தைப் பற்றி 2021 மே 31 ஆணையில் உச்ச நீதிமன்றம் இதே குறையைச் சுட்டிக்காட்டியது. மின்னணுத் தளத்தை மட்டுமே நம்பிய கொள்கை விளிம்புநிலை மக்களை வெளியே தள்ளிவிடும் என்று எச்சரித்தது. தடுப்பூசி கிடைக்காதவர், கிடைக்கவில்லை என்பதையாவது உணர்வார். பரிசோதனைக் கணக்கில் விடுபட்டவர் தாம் விடுபட்டதையே அறியமாட்டார். வரைபடத்தில் அவருடைய தெரு ‘தொற்று குறைவு’ என்னும் நிறத்தில் தெரியும். முகாம் வேறு இடத்துக்குப் போகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைப்பேசி உள்ளவரும் முடிவை அனுப்புவதால் பெறுவது என்ன? காசநோயாளியின் பெயர் நிக்ஷய் தளத்தில் ஏறினால் ஊட்டச்சத்துக்கான தொகை அவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. அங்கே தகவல் மேலே சென்றால் கீழே ஏதோ ஒன்று திரும்பி வருகிறது. வீட்டுப் பரிசோதனை முடிவை அனுப்பிய கூலித் தொழிலாளிக்குத் திரும்பி வந்தது பதினாலு நாள் வேலையின்மை. அவர் அனுப்பாமல் விட்டதை அறியாமை என்று அதிகாரிகள் எழுதுவார்கள். நான் அதைக் கணக்கு என்பேன்.

அடையாளம் காட்டப்பட்டவர்கள்

கொரோனா தொடங்கிய நாட்களில் சென்னை உட்படப் பல நகரங்களில் வீட்டு வாசல்களில் தனிமைப்படுத்தல் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. இதை எதிர்த்த பொதுநல வழக்கின் விசாரணையில், அறிவிப்பு ஒட்டப்பட்ட வீட்டாரைப் பிறர் தீண்டத்தகாதவர்களைப் போல் நடத்துகின்றனர் என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளே குறிப்பிட்டனர். 2020 டிசம்பர் 9 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரியின் ஆணை இன்றி அத்தகைய அறிவிப்பை ஒட்டக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. பிற சாதியினருக்குச் சில வாரம் நேர்ந்த ஒன்றை விளக்க, நீதிமன்றத்துக்கும் கிடைத்த உவமை தீண்டாமைதான். உவமையாக அல்லாமல் அதை நாள்தோறும் வாழ்பவரின் வாசலில் அந்தத் தாள் ஒட்டப்பட்டால் என்ன ஆகும் என்பது அந்த வழக்கில் எழாத கேள்வி.

வாசலில் ஒட்டிய தாளைக் கிழித்துவிடலாம். சர்வரில் ஏறிய முகவரியை என்ன செய்வது? தமிழ்நாட்டில் முகவரி என்பது சாதிச் சான்றிதழின் சுருக்க வடிவம். ஊரின் பெயருக்குப் பின்னால் ‘காலனி’ என்று வந்தாலே போதும். அந்தச் சொல் இழிவின் அடையாளமாகிவிட்டது என்பதாலேயே, அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகலாம். தெருவும் கதவு எண்ணும் இருக்கும்வரை, பட்டியலைப் பார்க்கும் உள்ளூர்க்காரருக்குச் சொல் தேவைப்படாது.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று தொழில்நுட்பம் அறிந்தவர்கள் கூறுவதுண்டு. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே 2020இன் கேர்ஸ் சட்டம் பரிசோதனைக் கூடங்களுக்கு முடிவை அறிவிக்கும் கடமையை விதித்தது. வீட்டில் சோதிப்பவருக்கு அத்தகைய கடமை இல்லை. 2022 நவம்பரில் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ‘மேக் மை டெஸ்ட் கவுன்ட்’ என்னும் தளத்தைத் தொடங்கின. விருப்பமுள்ளவர் பெயர் தராமலே, வயது, அஞ்சல் குறியீடு போன்ற சில விவரங்களுடன் முடிவைத் தெரிவிக்கலாம். வெவ்வேறு நிறுவனங்களின் கிட்டுகளிலிருந்து வரும் தகவலும் ஒரே செய்தி வடிவத்தில் சுகாதாரத் துறைகளைச் சென்றடையும்படி பொதுத் தரம் ஒன்றும் வகுக்கப்பட்டது. கட்டாயம் இல்லை, பெயர் இல்லை என்ற அளவில் இது நம் முறையைவிட மேலானது.

ஆனாலும் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதாது. அந்நாட்டின் மருத்துவத் தகவல் விதிகளில் ஒரு நுட்பம் உண்டு. அடையாளம் நீக்கப்பட்ட தரவை வெளியிடும்போது அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களை மட்டுமே வைக்கலாம்; அந்த மூன்று இலக்கம் குறிக்கும் பகுதியில் 20,000 பேருக்குமேல் வாழ்ந்தால்தான் அதுவும். சிறு கூட்டத்தில் வயதும் இடமும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும் என்பதே காரணம். நம் சேரி ஒன்றில் அறுபது வீடு இருக்கும். ‘அந்தத் தெரு, பெண், 34 வயது’ என்றால் பெயர் எதற்கு?

சட்டம் எங்கே கைவிடுகிறது

2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறுதியிட்டது. அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. வீட்டுப் பரிசோதனைச் செயலிக்குப் பின்னால் இருந்தது ஓர் அறிவுரை. ஆரோக்ய சேது வழக்கில் 2021 சனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம், பயனரின் தெளிந்த இசைவு இன்றி அவர் தந்த உடல்நலத் தகவலை மற்ற அரசுத் துறைகளுடன் பகிர இடைக்காலத் தடை விதித்தது. இந்த ஆணையைச் சட்ட மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். அடுத்த செயலி வரும்போது நமக்குக் கைகொடுக்கும்.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த வரைவிலும், 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும், கூடுதல் பாதுகாப்புப் பெறவேண்டிய நுண்ணிய தகவல்களின் பட்டியல் ஒன்று இருந்தது. உடல்நலத் தகவல் அதில் இருந்தது. சாதி அல்லது பழங்குடி என்னும் தகவலும் அதில் இருந்தது. 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. சாதி நீக்கப்பட்டது என்று எவரும் கூச்சலிட முடியாதபடி, பட்டியல் முழுவதுமாக நீக்கப்பட்டது.

அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு, கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவ உதவி அளிப்பதற்காக இசைவு பெறாமலே தகவலைக் கையாள இடமளிக்கிறது. 17ஆம் பிரிவு, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காகச் சட்டத்திலிருந்தே விலக்குத் தர வழிசெய்கிறது. பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. பெருந்தொகைதான். ஆனால் அந்தத் தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேரும். பால் விற்காத குடும்பத்துக்கு அதில் ஒரு ரூபாயும் வராது. போதாக்குறைக்கு, இழப்பீடு கேட்க ஓரளவு வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43அ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

எனவே இன்றைய நிலையில் நமக்குப் பயன்படும் கருவி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்தான் என்பது என் கருத்து. 2015இன் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 3(1)(இசட்.சி.) உட்பிரிவு, பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர்மீது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதையும், விதிப்பதாக மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. நோயின் பெயரால் செய்தாலும் அது புறக்கணிப்பே. ‘தொற்றுக்குப் பயந்தோம்’ என்பதுதான் எதிர்த்தரப்பு வைக்கும் முதல் வாதம். ஊர்த் தெருவிலும் தொற்று இருந்ததற்கான சான்றைத் திரட்டி வைத்தால் அந்த வாதம் நிற்காது. முதல் வாரத்திலேயே திரட்ட வேண்டும், பிறகு கிடைக்காது. நான் சொன்ன வழக்கில் காவல் நிலையம் மனு ஏற்புச் சீட்டை மட்டும் தந்து நாட்களைக் கடத்தியது. மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதியபிறகே பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். பால் மீண்டும் அளக்கப்பட 34 நாட்கள் ஆயின.

வாசலுக்கு வரும் பரிசோதனை

வீட்டுப் பரிசோதனை என்றால் கடையில் வாங்கும் கிட் மட்டுமன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். முடிவு கைப்பேசி வழியே அரசின் பதிவேட்டில் ஏறுகிறது. பேருந்துக் காசு செலவிட்டு, கூலியை இழந்து மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டியதில்லை என்பது உழைக்கும் மக்களுக்கு உண்மையான பேறு. மாத்திரையும் வீட்டுக்கு வருகிறது. கைப்பேசி இல்லாதவரும் இங்கே எண்ணப்படுகிறார். வீட்டில் செய்யும் பரிசோதனையை மின்னணு வழியில் அரசுக்குக் கொண்டுசெல்ல ஏழைகளுக்கு ஏற்ற வழி இது என்றே நினைக்கிறேன்.

அதனால்தான் இதனிடம் கேள்விகளைக் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பதிவேட்டை எந்தெந்த நிலை அலுவலர் பெயருடன் பார்க்க முடியும்? மற்ற துறைகளுக்கு அது திறந்துவிடப்படுமா? வாசலில் கேட்கப்படும் இசைவை மறுத்தவருக்கும் மாத்திரை கிடைக்குமா? சர்க்கரை நோய்க்கு இந்தக் கேள்விகள் மிகை என்று தோன்றலாம். நாளை அதே கைப்பேசியில் காசநோய்க்கான கட்டம் சேரும்போது மிகையாகத் தோன்றாது.

எச்.ஐ.வி. தொடர்பான 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கொரு முன்மாதிரி. பரிசோதனைக்குத் தெளிந்த இசைவு வேண்டும்; ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடக் கூடாது; தகவலை வைத்திருக்கும் நிறுவனம் அதற்கான பாதுகாப்பு முறைகளைக் கையாள வேண்டும் என்று அச்சட்டமே விதிக்கிறது. அறிவுரையாக அன்று, மீறினால் நடவடிக்கை உள்ள சட்டமாக. பிற தொற்றுகளுக்கும் இதே அளவு பாதுகாப்பைக் கேட்பது பேராசையாகாது.

கிட் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து விலையின்றி, எண் இட்டு வழங்கப்படட்டும். முடிவைச் செயலியில்தான் சொல்ல வேண்டும் என்றில்லாமல், சாதாரணக் கைப்பேசியிலிருந்து ஓர் அழைப்பிலும், கிராம சுகாதாரச் செவிலியரிடம் நேரிலும் சொல்ல வழி இருக்கட்டும். பெயரும் தெருவும் செவிலியரோடும் மருத்துவ அலுவலரோடும் நிற்கட்டும்; வட்டாரத்துக்கு மேலே எண்ணிக்கை மட்டும் செல்லட்டும். சாதிவாரிக் கணக்கு வேண்டாமா என்று சிலர் கேட்பர். கட்டாயம் வேண்டும். பட்டியலினத்தவரில் எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தனர் என்று சொல்லும் கணக்கை அன்றாட அறிக்கைகள் ஒருநாளும் தரவில்லை. அதனாலேயே நீதிமன்றத்தில் நம் வாதம் வெறும் வாதமாக நின்றது. அந்தக் கணக்கு மாவட்ட அளவில், தொகுத்த எண்ணாக வேண்டும். தெரு அளவில், பெயர்ப் பட்டியலாக அன்று.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் விலக்கு அண்மையில் விரிவாக்கப்பட்டதைக் காட்டி, இனி எதையும் தர முடியாது என்று சில அலுவலர்கள் பதில் எழுதக்கூடும். தொகுத்த எண்ணிக்கை எந்தத் தனிநபரின் தகவலும் அன்று. மேல்முறையீட்டில் அதைச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்தில் நோய்ப் பதிவேட்டை எத்தனை பேர் பார்க்க முடியும், யார் எப்போது பார்த்தார் என்னும் பதிவு வைக்கப்படுகிறதா, எத்தனை ஆண்டுக்குப் பின் தகவல் அழிக்கப்படும் என்று மூன்று கேள்விகளை இப்போதே எழுதிக் கேட்கலாம். எங்கள் வழக்கில் இரண்டாவது கேள்விக்கு, அத்தகைய பதிவு இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கணினித் திரையைப் படமெடுத்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.